வீடு உருபான கதை

‘சங்கரன்கோவிலில் ஆடித்தபசு’ என்று எழுதும்போது, அந்த முதல் சொல்லின் கடைசியில் ‘இல்’ இரண்டு முறை வருகிறது. முதலில் வருவது வீடு. கோ என்னும் இறைவனின் இல், கோவில். சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் பாதி பாதியாக நிற்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அடுத்து வரும் ‘இல்’ நமக்கு வீடாகத் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் அதை ஏழாம் வேற்றுமை உருபு என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஒப்பித்தோம், மறந்தோம். ஆனால் இரண்டும் ஒன்றே என்பதுதான் மொழியியலாளர் பலரின் முடிவு. வீடு என்று பொருள்பட்ட ஒரு முழுச் சொல், பிற சொற்களின் பின்னால் நின்று நின்றே தன் பொருளை இழந்து, ‘அந்த இடத்தில்’ என்று காட்டும் குறியாக மாறிவிட்டது. ஊர்ப்பெயரில் அது வீடாகவே நிற்கிறது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் உருபாக நிற்கிறது. ஒரு சொல்லின் இரண்டு பிறவிகளையும் அடுத்தடுத்துக் காட்டும் ஊர் இது.

இந்த மாற்றத்துக்கு எழுத்திலேயே தடயம் உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்காக மூன்று இயல்களை ஒதுக்கியிருக்கிறார். ஏழாம் வேற்றுமைக்கு அவர் முதலில் நிறுத்துவது ‘கண்’. அதோடு கால், புறம், அகம், உள், கீழ், மேல், முன், பின், தலை, கடை என்று ஒரு வரிசையும் தருகிறார். அந்த வரிசையில் ‘இல்’ கிடையாது. இவை போன்ற பிறவும் இந்த வேற்றுமைக்கு உரியவை என்று சொல்லிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். பல நூற்றாண்டு கழித்து, 13ஆம் நூற்றாண்டில், பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை அடுக்குகிறார். அதில் 28ஆவதாக, கடைசியாக வந்து நிற்பது ‘இல்’. பந்தியில் கடைசியாக இடம்பிடித்த அது இன்று மற்ற எல்லாரையும் எழுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ‘ஊரின்கண்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘ஊரில்’, பேச்சில் ‘ஊர்ல’, அவ்வளவுதான்.

அந்த 28ஐயும் ஒரு முறை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். கண், கால், தலை, வாய் எல்லாம் உடம்பின் உறுப்புகள். இல், அகம் இரண்டும் வீடு. வலம், இடம், முன், பின் ஆகியவை உடம்பை நடுவில் வைத்துச் சொல்லும் திசைகள். ‘எங்கே’ என்ற கேள்விக்கு விடை சொல்லத் தமிழர்கள் தங்கள் உடம்பையும் தாங்கள் குடியிருந்த வீட்டையுமே கருவியாக எடுத்திருக்கிறார்கள். இலக்கணத்தை வறண்ட பாடம் என்று சொல்பவர்களிடம் இந்தப் பட்டியலைத்தான் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். ஐ, கு போன்றவை மிகப் பழையவை. அவை எந்தச் சொல்லின் எச்சம் என்பது இன்னும் தீராத வழக்கு. மற்றவற்றில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் பட்டப்பகலில் தெரிகிறது.

பொதிகை எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் இந்த மாதிரி ஓர் அறிவிப்பு காதில் விழும்: செங்கோட்டையிலிருந்து ராஜபாளையம், மதுரை வழியாக சென்னை எழும்பூர் வரை செல்லும் ரயில். இதில் உருபாகவோ உருபைப் போலவோ வேலை செய்கிற ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனிச் சொல். இல் என்பது வீடு. இருந்து என்றால் உட்கார்ந்து. வழி என்றால் பாதை. ‘ஆக’ என்பது ஆகு என்ற வினையின் வடிவம். வரை என்றால் கோடு, எல்லை. பழைய பொருளிலேயே விரித்தால், செங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து, மதுரை பாதை ஆக, எழும்பூர் எல்லையாகச் செல்லும் ரயில் என்று வரும். யாருக்கும் அப்படிக் கேட்பதில்லை. கேட்காமல் போனதால்தான் அவை உருபு என்ற பெயருக்குத் தகுதி பெற்றன.

‘இருந்து’ உருபாகிவிட்டதா என்று சோதிப்பது எளிது. வானத்திலிருந்து மழை கொட்டியது என்கிறோம். மழை அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நேற்றிலிருந்து காய்ச்சல் என்கிறோம். நேற்று என்பது உட்காரும் இடமே அல்ல. வினைக்குரிய பொருள் ஒழுகிப்போய், ‘நீங்கி வருதல்’ என்ற ஒரே வேலை மிச்சம் இருக்கிறது. ஒலியும் கூடவே தேய்கிறது. நெல்லைப் பக்கம் ‘கோயில்லருந்து’ என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ‘லேந்து’ வரை போய்விட்டது. பொருள் தேய்வதும் ஒலி தேய்வதும் சேர்ந்து நடந்தால் அங்கே ஓர் உருபு பிறந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த வேலையைப் பழைய தமிழில் செய்தது ‘நின்று’. மலையினின்று, ஊரினின்று என்று எழுதினார்கள். பிறகு தமிழன் நிற்பதை விட்டு உட்கார்ந்துவிட்டான். மலையாளி இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியே புனலூருக்கு இறங்கினால், அங்கே ‘வீட்டில் நின்னு’ என்றுதான் பேசுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருந்து, அந்தப் பக்கம் நின்று. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்த ஊர். மாநில எல்லை நகர்ந்த இடத்தில் உருபின் எல்லையும் ஓடுகிறது.

இந்த உருபுகளை எடுத்து மத்திய ஆசியாவின் துருக்கிய மொழிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெரிய முயற்சி, நம் திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்து எழுதப்பட்டது. ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்தில் 1814இல் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலைவிட்டு இறங்கினார். 1841 கடைசியில் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்கு வந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் சமஸ்கிருதத்தின் பிள்ளை அல்ல என்று நிறுவியது. அதோடு அவர் நிற்கவில்லை. துருக்கி, மங்கோலியம், பின்னிஷ், ஹங்கேரியம் எல்லாவற்றையும் ‘சித்திய’ மொழிகள் என்று ஒரே கூட்டமாகக் கண்டு, திராவிட மொழிகளுக்கு அந்தக் கூட்டத்தோடுதான் உறவு, அதிலும் பின்னிஷ், ஹங்கேரியம் பக்கம் நெருக்கம் அதிகம் என்று வாதிட்டார்.

அவரை அந்தப் பக்கம் இழுத்தது என்ன என்று பார்க்க ஒரு பஜார் போதும். உஸ்பெக் மொழியும் துருக்கியக் குடும்பம்தான். பாரசீகத்திலிருந்து பஜார் என்ற சொல் நமக்கு வந்ததுபோலவே அவர்களுக்கும் போயிருக்கிறது, ‘பொஸோர்’ என்பார்கள். தாஷ்கண்டில் ஒருவர் ‘பொஸோர்கா’ என்றால் பஜாருக்கு. ‘பொஸோர்தா’ என்றால் பஜாரில். ‘பொஸோர்தான்’ என்றால் பஜாரிலிருந்து. பன்மைக்கு ‘லார்’, அது பெயருக்கும் உருபுக்கும் நடுவில் உட்காரும், நம் ‘கள்’ உட்காருவதைப்போல. ‘பொஸோர்-லார்-தான்’, பஜார்-கள்-இலிருந்து. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டு, ஒட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, வரிசையும் ஒன்றே. நம் ‘கு’வும் அவர்கள் ‘கா’வும் வேலையிலும் ஓசையிலும் இத்தனை நெருக்கம் என்றால், கிரேக்கமும் லத்தீனும் படித்து வந்த ஓர் அறிஞருக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். 1856இல் அவரால் வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்?

அந்த உறவு நிலைக்கவில்லை. ஒரே அச்சில் அமைந்த மொழிகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கால்டுவெல் சான்று காட்டிய பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டிலும் ஒரு சிக்கல். ஈரானில் தாரியஸ் மன்னன் மூன்று மொழிகளில் செதுக்கிவைத்த அந்தக் கல்வெட்டில் ஒன்றைச் சித்திய மொழி என்று அக்காலத்தில் கருதினார்கள். அது ஈலமிய மொழி என்று பிறகு தெளிந்தது. துருக்கிய மொழிகளின் மிகப் பழைய ஆவணங்களோ அவர் கண்ணில் படவே இல்லை. மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றங்கரையில் நின்ற கல்வெட்டுகளை ரஷ்ய ஆய்வாளர் யாத்ரின்செவ் 1889இல் கண்டார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் அவற்றின் எழுத்தைப் படித்துவிட்டதாக 1893 டிசம்பரில் அறிவித்தார். கால்டுவெல் 1891 ஆகஸ்டிலேயே கொடைக்கானலில் கண்மூடி, இடையன்குடியில் அடக்கமாகிவிட்டார்.

இரண்டரை ஆண்டு அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில் ‘தா’ என்ற ஒரே ஈறு, ‘இடத்தில்’ என்பதற்கும் வருகிறது. ‘இடத்திலிருந்து’ என்பதற்கும் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி ஈறுகள் உறுதியாக நின்றது பிந்திய காலத்தில். இப்போது நன்னூலுக்குத் திரும்புங்கள். பவணந்தி ஐந்தாம் வேற்றுமைக்கும் ‘இல்’ சொல்கிறார், ஏழாம் வேற்றுமைக்கும் ‘இல்’ சொல்கிறார். ‘மலையில் வீழ் அருவி’ என்றால் மலையிலிருந்து வீழும் அருவி. ஒரே உருபுக்கு இரண்டு வேலை. சுமை தாங்காமல் துருக்கியர் ஒரு புதிய ஈற்றை வளர்த்துக்கொண்டார்கள். நாம் பழைய இல்லின் தோளில் ‘இருந்து’ என்ற வினையை ஏற்றினோம். உறவு இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே நெருக்கடியைச் சந்தித்து, தத்தம் வழியில் அதைத் தீர்த்துக்கொண்டன. இரத்த உறவு இருக்கிறது என்று நிரூபிப்பதைவிட இது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

சொல் உருபாவதற்கு நாள் குறித்த சாட்சியும் ஒன்று உண்டு. கால்டுவெல் நெருங்கிய உறவு என்று கருதிய ஹங்கேரியத்தில் அது இருக்கிறது. 1055இல் எழுதப்பட்ட திஹானி மடத்தின் சாசனம் லத்தீனில் உள்ளது; நிலத்தின் எல்லை சொல்லும் இடத்தில் மட்டும் சில ஹங்கேரியச் சொற்கள் கலந்திருக்கின்றன. அதில் ‘உது ரெஆ’ என்று, பாதையைக் குறிக்கும் சொல்லும் ‘மேல்’ என்பதும் விலகி நிற்கின்றன. இன்றைய ஹங்கேரியத்தில் அது ‘ஊத்ரா’. 1055இல் தனியாக நின்றது பிறகு ஒட்டிக்கொண்டது. அதே மொழியில் ‘உள்ளே’ என்பதைக் குறிக்கும் ஈறு, குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நமக்குக் கண்ணும் காலும் வாயும், அவர்களுக்குக் குடல்.

இடத்தைக் காட்டும் உருபுகளின் கதை இது. உடைமையைக் காட்டும் உருபுகளின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது உறவுக்காரர்களைப் பற்றியது.

துருக்கிய மொழிகளில் ‘என்’, ‘உன்’, ‘அவன்’ என்று முன்னால் தனிச்சொல் போடாமலே உடைமையைச் சொல்லிவிடலாம். பொருளின் வாலிலேயே உடையவன் ஒட்டிக்கொண்டிருப்பான். துருக்கியில் ‘பாபா’ அப்பா. ‘பாபாம்’ என் அப்பா, ‘பாபான்’ உன் அப்பா, ‘பாபாஸி’ அவன் அப்பா. வேற்றுமை உருபு அதற்கும் பின்னால் வரும். நமக்கு இது விநோதமாகத் தெரிந்தால் சங்க இலக்கியத்தை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. யாய் என் தாய், ஞாய் உன் தாய், தாய் அவன் தாய். குறுந்தொகையின் 40ஆம் பாடல், செம்புலப்பெயல்நீரார் பாடியது, இந்தச் சொற்களை வைத்தே நடக்கிறது. துருக்கியர் வாலில் ஒட்டியதை நாம் தலையில் ஒட்டினோம். பெரும்பாலும் உறவுப் பெயர்களுக்குத்தான். வீட்டை விற்கலாம், மாட்டை விற்கலாம். அப்பனையும் அம்மையையும் ‘யாருடைய’ என்று சொல்லாமல் தனியே பேச முடியாது என்று அந்தப் பழைய தமிழ் கருதியிருக்க வேண்டும்.

எம்பி, நும்பி, தம்பி என்று மூன்று இருந்தன. எங்கை, நுங்கை, தங்கை என்று மூன்று இருந்தன. ‘தம்’, ‘தன்’ ஒட்டியவை மட்டும் பிழைத்துக்கொண்டு மற்றவை வழக்கொழிந்தன. பிழைத்தவற்றுக்குள் இருக்கும் உடையவன் நமக்குத் தெரியாமல் போனதால், ‘என் தம்பி’ என்று இன்னொரு உடையவனை முன்னால் சேர்க்கிறோம். தம்பி என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய ‘தம்’ வாயில் வந்து போகிறது.

துருக்கிய உடைமை ஈறும் நம் ஊர்களில் குடியிருக்கிறது. புளியங்குடியிலோ கடையநல்லூரிலோ வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் பேகம் என்று முடியும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ‘பெக்’ என்றால் தலைவன். ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே பெக்குகள் வருகிறார்கள். ‘இம்’ என்றால் ‘என்’. பெக்-இம், என் தலைவர். அது மதிப்புக்குரிய பெண்ணை விளிக்கும் பட்டமாகிவிட்டது. கானம் என்பதும் அப்படித்தான், கான் என்ற பட்டத்தோடு அதே ‘இம்’. பாபரின் தாய் குத்லுக் நிகார் கானம், மகள் குல்பதன் பேகம். ஹுமாயூனின் வரலாற்றை எழுதியவர் அந்த மகள்தான். பாபர் தன் நினைவுக் குறிப்புகளை எழுதியது சகதாய் என்ற துருக்கிய மொழியில். மொகலாயரோடு தெற்கே வந்த பட்டத்தில் ‘இம்’ ஒட்டியபடியே வந்தது. பாரசீகமும் உருதும் அதை வாங்கியபோது அது ஈறு என்பது மறந்துபோயிற்று. தமிழுக்கு வந்தபோது அது ஒரு பெயர், அவ்வளவுதான்.

எம்பெருமான், எம்பிரான், எம்பெருமாட்டி எல்லாவற்றிலும் நாம் செய்திருப்பது அதே காரியம். மதிக்கிறவரை ‘என்னுடையவர்’ என்று சொந்தம் கொண்டாடி அழைப்பது. சங்கரன்கோவிலின் கோமதி அம்மனை எம்பெருமாட்டி என்று வணங்குபவரும், பக்கத்துத் தெருவில் மகளுக்குப் பேகம் என்று பெயர் சேர்ப்பவரும் ஒரே இலக்கணத்தைத்தான் கையாள்கிறார்கள்.

உடைமைக்கு நாம் இன்று சொல்லும் ‘உடைய’ என்பதற்கும் பூர்வீகம் உண்டு. உடை என்பது வினை. ஒன்றை உரிமையாகக் கொண்டிருத்தல். என்னுடைய வீடு என்றால் என்னை உடைமையாளனாகக் கொண்ட வீடு. அந்த வினையை இன்று யாரும் தனியே பேச்சில் எடுப்பதில்லை. ‘எனக்கு வீடு இருக்கு’ என்றுதான் சொல்கிறோம். உடைமை, உடையார் என்ற பெயர்களிலும், ‘உடைய’ என்ற உருபிலும் அது மிஞ்சியிருக்கிறது. பேச்சில் அதுவும் தேய்ந்து ‘என்னோட’ ஆகிவிட்டது. வீடு என்ற பொருளில் ‘இல்’லும் அப்படியே. இல்லறம், இல்லாள், இல்லம் என்ற சொற்களைத் தள்ளிவிட்டால் யாரும் வீட்டை இல் என்று சொல்வதில்லை. தனிச்சொல்லாக அது மடிந்த பிறகு, உருபாக ஒரு நாளில் கோடி வாய்களில் புழங்குகிறது. கண்ணுக்கு நேர்ந்தது நேரெதிர்: உருபாக மடிந்து, உறுப்பாக வாழ்கிறது.

பிறப்பு இன்னும் நிற்கவில்லை. சங்கரன்கோவில் பூச்சந்தையில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தால் போதும். ‘அவன்ட்ட கேட்டியா?’, ‘என்ட்ட ஒன்னும் சொல்லலியே’, ‘நீ யார்கூட வந்த?’ இந்த ‘ட்ட’ என்ன? வடக்கே ‘என்கிட்ட’ என்று முழுசாகச் சொல்வார்கள். எழுத்தில் ‘என்னிடம்’ என்போம். இங்கே முதல் எழுத்துகள் உதிர்ந்து, இரட்டித்த ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டும் எஞ்சி நிற்கின்றன. கூட என்பது கூடு என்ற வினையிலிருந்து வந்து, ‘ஒடு’வின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கன்னியாகுமரிப் பக்கம் போனால் ‘எனக்க வீடு’, ‘அவனுக்க மவன்’ என்பார்கள். நான்காம் வேற்றுமை ஆறாம் வேற்றுமையின் வேலையை எடுத்துச் செய்கிறது.

யாரும் பேசாத ‘கண்’ பள்ளி இலக்கணத்தில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், பழைய நூல்களைப் படிக்க அது வேண்டும். அந்தப் பக்கத்திலேயே ‘ட்ட’வுக்கும் ‘லருந்து’வுக்கும் ‘கூட’வுக்கும் மூன்று வரி ஒதுக்கலாம். தான் பேசுவதில் இலக்கணம் இல்லை என்று நினைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம், நீ இன்று காலை உன் அம்மாவிடம் பேசியதில் இந்த மூன்றும் இருந்தன, தொல்காப்பியர் திறந்துவைத்த ‘பிறவும்’ என்ற கதவு வழியாகத்தான் இவை வருகின்றன என்று ஆசிரியர் சொல்லலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு சாக்பீஸ் போதும்.